சிப்பர்ஃபீல்டின் படிக்கட்டு

பெர்லினில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் முதல்முறை போனது ஒரு ஜனவரி மாதம். மதியம் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். வெளியே சுற்றினால் காது விறைத்துப்போகும் என்று மாமா மியூசியங்களாகப் பார்த்துப் பட்டியல் போட்டு வைத்திருந்தார். முதலில் இருந்தது நோயஸ் மியூசியம். எகிப்து ராணி நெஃபெர்டிட்டியின் தலைச்சிலை அங்கேதான் இருக்கிறது. "அதைப் பாக்காம ஊருக்குப் போனேன்னா உங்க அக்கா என்னைத்தான் கேப்பா" என்றார்.

ராணியிடம் போய்ச் சேர எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் அந்தப் படிக்கட்டு வந்துவிட்டது.

முன்கூடத்தைத் தாண்டியதும் கட்டடத்தின் முழு உயரத்துக்கும் எழுந்து நிற்கிற பெரிய கூடம். இரண்டு பக்கமும் பூச்சில்லாத செங்கல் சுவர். தலைக்கு மேலே மரச்சட்டங்கள் தெரிகிற கூரை. நடுவில் வெளிர் நிறத்தில், பாரமாக, ஒரு படிக்கட்டு நேராக மேலே ஏறுகிறது. பிறகு இரண்டாகப் பிரிந்து சுவரோரமாகத் திரும்புகிறது. அலங்காரம் எதுவும் கிடையாது.

"என்ன மாப்ள, இவ்ளோ பெரிய மியூசியத்துல பூச்சு வேலைய முடிக்காம விட்டுட்டாங்க?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் நான் பதினான்கு வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். பூச்சு முடியாத சுவர் எப்படி இருக்கும் என்று தெரியும். கலவை வழிந்து காய்ந்திருக்கும், கரண்ட் பைப்புக்கு வெட்டிய காடி பல்லிளிக்கும், எங்கு பார்த்தாலும் அவசரம் தெரியும். இந்தச் சுவரில் அவசரமே இல்லை. யாரோ ஒருவர் நாள்கணக்கில் எதிரே நின்று பார்த்து, "இது இப்படியே இருக்கட்டும்" என்று முடிவு செய்த சுவர் அது. அந்த ஒருவர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் என்கிற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அன்றிலிருந்து அவர் கட்டியதையும், அதைவிட முக்கியமாக அவர் கட்டாமல் விட்டதையும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மியூசியத்தின் கதையைச் சொன்னால்தான் அந்தச் சுவர் புரியும். பிரஷ்ய மன்னர் காலத்தில் ஃப்ரீட்ரிக் ஆகஸ்ட் ஸ்டூலர் என்பவர் வடிவமைத்தது. 1843இல் வேலை தொடங்கியது, 1850களில் திறந்தார்கள். பெர்லின் நடுவில் ஓடும் ஸ்ப்ரே ஆற்றுத் தீவு அது, மண் சதுப்பு. 2,300க்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை அடித்து இறக்கித்தான் அஸ்திவாரம் போட்டார்கள். மேலே எடை குறைய வேண்டும் என்பதற்காக, கூரை வளைவுகளைச் சுட்ட மண்குடுவைகளால் கட்டினார் ஸ்டூலர். உள்ளே காலியான குடுவைகள். சில அறைகளில் அண்ணாந்து பார்த்தால் அவற்றின் வட்ட வட்டமான அடிப்பாகம் இன்றைக்கும் தெரிகிறது. நானும் ஒரு வீட்டுக்கு மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கான்கிரீட் வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப் கூரை போட்டிருக்கிறேன். எடையும் குறையும், கான்கிரீட்டும் மிச்சம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் அதே கணக்கைப் போட்டிருக்கிறார் என்று பார்த்தபோது ஏதோ தூரத்து உறவினரைச் சந்தித்தது போல இருந்தது.

அப்புறம் போர். 1943 நவம்பர் குண்டுவீச்சில் அந்தப் படிக்கட்டுக் கூடம் எரிந்தது. சுவர்களில் கௌல்பாக் என்ற ஓவியர் வரைந்திருந்த பிரம்மாண்டமான சுவரோவியங்கள் போயின. 1945 பிப்ரவரியில் வடமேற்குப் பகுதி முழுசாகச் சரிந்தது. தென்கிழக்கு மூலையும் போயிற்று. மிச்சம் இருந்தது கிழக்கு ஜெர்மனியின் பங்குக்கு வந்தது. பக்கத்து மியூசியங்களைச் சரிசெய்தவர்கள் இதை மட்டும் அப்படியே விட்டார்கள். நாற்பது வருடம் மழையும் பனியும் நேராக உள்ளே விழுந்தன. 1980களின் பிற்பகுதியில்தான் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தும் வேலை ஆரம்பித்தது. அது முடிவதற்குள் பெர்லின் சுவரே விழுந்துவிட்டது.

இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு போட்டி வைத்தார்கள். 1994இல் முதலிடம் இத்தாலியின் ஜியார்ஜியோ கிராஸிக்கு, சிப்பர்ஃபீல்ட் இரண்டாவது. முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்கரான ஃப்ராங்க் கெரியின் வடிவத்தை விரும்பியவர்களும் இருந்தார்கள். இழுபறிக்குப் பின் 1997இல் வேலை சிப்பர்ஃபீல்டுக்கு வந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த ஜூலியன் ஹராப்பைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1997இலிருந்து 2009 வரை, ஒரே கட்டடத்துக்குப் பன்னிரண்டு வருடம்.

பெர்லின்காரர்கள் பலருக்கு அவர் திட்டம் பிடிக்கவில்லை. ஸ்டூலர் கட்டியதை அப்படியே, குண்டு விழுந்ததே தெரியாதபடி திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிந்துபோன வீட்டைப் பழையபடி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது மனித இயல்பு. முழுசாக இடித்துப் புதிதாகக் கட்டுவது இன்னொரு வழி. சிப்பர்ஃபீல்ட் இரண்டையும் எடுக்கவில்லை. தப்பித்த ஒவ்வொரு அங்குலப் பூச்சையும், ஓவியத் துணுக்கையும், தரை மொசைக்கையும் இருக்கிற இடத்திலேயே பத்திரப்படுத்தினார்கள். காணாமல்போன இடத்தை நிரப்பும்போது பக்கத்து நிறத்தைவிடக் கொஞ்சம் அடங்கின நிறமாகப் பார்த்து நிரப்பினார்கள். நல்ல பட்டுப்புடவையில் கிழிசல் விழுந்தால் இழைக்கு இழை கோத்துத் தைப்பார்களே, அது மாதிரி. தள்ளி நின்றால் புடவை முழுசாக இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் தையல் தெரியும்.

முற்றிலும் அழிந்த பகுதிகளுக்கு மட்டும் புதிதாகக் கட்டினார். அங்கேயும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த, கையால் அறுத்த செங்கற்களைத்தான் தேடிப் பயன்படுத்தினார்கள். தென்கிழக்கு மூலையில் உள்ள கவிமாட அறைக்குள் போய் நின்றால் இது புரியும். சதுரமான அறை மேலே போகப்போக வளைந்து வட்டமாகி, உச்சியில் ஒரு வட்டத் திறப்பில் முடிகிறது. பழைய செங்கல், புதிய சுவர். பூச்சு கிடையாது, செங்கல்தான் முழு அறையும்.

படிக்கட்டுக்கு வருகிறேன். ஸ்டூலரின் படிக்கட்டு ஏறிய அதே தடத்தில், அதே இடத்தில் பிரிந்து ஏறுகிறது இது. ஆனால் அவருடைய பூவேலை, தூண், சிலை எதையும் நகலெடுக்கவில்லை. வெள்ளை சிமென்ட்டில் சாக்ஸனி பகுதிச் சலவைக்கல் துகள்களைக் கலந்து, பெரிய பெரிய துண்டுகளாக முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் கல் துகள் மினுங்குகிறது. இரண்டு வார்ப்புத் துண்டுகள் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டினேன். மேடு பள்ளம் தட்டுப்படவே இல்லை. முன்வார்ப்புத் துண்டுகளை இந்தச் சுத்தத்தில் பொருத்துவது எத்தனை கஷ்டம் என்று சைட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். மாமா நாலு படி மேலே நின்று, "வாப்பா, ராணி காத்திருக்கா" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூறு வருடப் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தேன். மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையை இடித்துவிட்டு ஆர்.சி.சி. போட்டோம். முட்டை ஓடு மாதிரி பளபளத்த சுண்ணாம்புப் பூச்சை உளி வைத்துக் கொத்தி எடுத்து சிமென்ட் பூசினோம். எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பூச்சை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சரி, இந்த மனிதர் யார்? 1953 டிசம்பரில் லண்டனில் பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவனில் ஒரு பண்ணையில். தானியக் களஞ்சியங்களும் தொழுவங்களும்தான் அவர் மனதில் பதிந்த முதல் கட்டடங்கள். கிங்ஸ்டன் கலைப்பள்ளியிலும் பிறகு லண்டன் ஏ.ஏ. (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) பள்ளியிலும் படித்துவிட்டு ரிச்சர்ட் ரோஜர்ஸ், நார்மன் ஃபாஸ்டர் இருவரிடமும் வேலை பார்த்தார். அந்த இரண்டு அலுவலகங்களும் உருக்கும் கண்ணாடியுமாக, குழாய்களையும் சட்டங்களையும் வெளியே காட்டும் கட்டடங்களால் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து வந்தவர் இத்தனை அமைதியான பக்கம் திரும்பினார் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். இளைஞனாக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து ஒரு கட்டடக்கலைக் காட்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 9எச். வழக்கமான பென்சில் வரிசையில் மிகக் கடினமான முனை 9எச். அழுத்தினாலும் மெல்லிய கோடுதான் விழும். அவருடைய பிற்காலம் முழுவதும் அந்தப் பெயரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

1985இல் சொந்த அலுவலகம். முதல் வேலைகளில் ஒன்று லண்டன் ஸ்லோன் தெருவில் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேவின் கடை. அப்போது இங்கிலாந்தில் நவீனக் கட்டடக்கலை என்றாலே முகம் சுளித்தார்கள். 1984இல் இளவரசர் சார்லஸ் மேடையேறி நேஷனல் கேலரியின் விரிவாக்கத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசியது அந்தச் சூழலுக்கு நல்ல சாட்சி. இளம் ஆர்க்கிடெக்டுக்கு வீட்டு உள்வேலையும் கடை வேலையும்தான் கிடைத்தன. அந்தக் கடை வழியாக ஜப்பான் கதவு திறந்தது. சிபாவில் ஒரு தனியார் மியூசியம், கியோட்டோவில் ஒரு கட்டடம், ஒகயாமாவில் ஒரு நிறுவனத்தின் தலைமையகம் என்று முதல் முழுக் கட்டடங்களை அங்கேதான் கட்டினார். சொந்த நாட்டில் பேர்சொல்லும் முதல் கட்டடம் ஹென்லியில், தேம்ஸ் கரையில் கட்டிய படகோட்ட மியூசியம். அது முடிய 1997 ஆகிவிட்டது. ஓக் மரப்பலகை அடித்த சுவர், சரிவான கூரை. டெவன் களஞ்சியங்கள் திரும்ப வந்துவிட்டன.

ஜெர்மனி அவரைத் தூக்கிப் பிடித்தது. மார்பாக் ஊரில் கட்டிய நவீன இலக்கிய மியூசியத்துக்கு 2007இல் பிரிட்டிஷ் கட்டடக்கலையின் பெரிய விருதான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. குன்றின்மேல் ஒல்லியான கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். ஜெர்மனியில் தூண் வரிசை என்றால் நாஜிக் காலக் கட்டடங்களின் நினைவு வரும். அதனாலேயே அங்கே பலர் அதைத் தொடத் தயங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவரால் அந்தப் பழைய இலக்கணத்தை மீட்டெடுக்க முடிந்தது. தூணை ஒல்லியாக்கி, இடைவெளியைச் சரியாக விட்டதில் மிரட்டல் போய், கோவில் பிராகாரத்தில் நடக்கிற நிதானம் வந்துவிட்டது. அதே தூண் வரிசையை 2019இல் திறந்த ஜேம்ஸ் சைமன் காலரியிலும் பார்க்கலாம். பெர்லின் மியூசியம் தீவுக்கான நுழைவுக் கட்டடம் அது. ஜேம்ஸ் சைமன் யூத வணிகர். எகிப்து அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர், 1920இல் நெஃபெர்டிட்டியை பெர்லினுக்குத் தானமாகத் தந்தவர். இன்றைக்கு ராணியைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இங்கிலாந்து அவரைச் சேர்த்துக்கொண்டது 2011இல் என்று சொல்லலாம். ஏப்ரலில் மார்கேட்டில் டர்னர் கண்டெம்பரரி, மே மாதம் வேக்ஃபீல்டில் ஹெப்வொர்த் காலரி, இரண்டும் அடுத்தடுத்துத் திறந்தன. அதே வருடம் நோயஸ் மியூசியத்துக்கு ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருதும், அவருக்கு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கமும். வேக்ஃபீல்டுக்கு நான் போனதில்லை. மார்கேட்டில் ஒரு பகல் மட்டும் இருந்தேன். நலிந்த கடலோர ஊர். ஓவியர் டர்னர் வந்து தங்கிய விடுதி இருந்த இடத்திலேயே காலரி நிற்கிறது. முதலில் வேறொரு நிறுவனம் கடலுக்குள்ளேயே கட்டுவதாகத் திட்டம் இருந்தது. செலவு எகிறியதால் கைவிட்டார்கள். சிப்பர்ஃபீல்ட் கரையில், ஒரு பக்கம் சரிந்த கூரையோடு ஆறு பெட்டிகளை நிறுத்திப் பால்வெள்ளைக் கண்ணாடி போர்த்தினார். கண்காட்சி அறைகள் மாடியில். வடக்கு வெளிச்சம் கூரை வழியாக இறங்குகிறது. கீழே கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிக்கு எதிரே ஒரு பாட்டி டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லா அறையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோதும் அங்கேயே இருந்தார். டர்னர் பார்த்த அதே வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அவர் செய்ததிலேயே மிகத் துணிச்சலான வேலை எது என்று என்னைக் கேட்டால், கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் சொல்வேன். பெர்லினில் நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி மீஸ் வான் டெர் ரோ கட்டி 1968இல் திறந்த கலைக்கூடம், நோய நேஷனல்காலரி. கிட்டத்தட்ட 65 மீட்டர் சதுரமான உருக்குக் கூரை, எட்டே எட்டுத் தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. படத்தில் பார்க்க அற்புதம். ஆனால் குளிர்காலத்தில் கண்ணாடியில் தண்ணீர் வழியும், சட்டம் துருப்பிடிக்கும், கண்ணாடி வெடிக்கும். 2016இல் தொடங்கி 2021 வரை சிப்பர்ஃபீல்ட் அதைப் பழுதுபார்த்தார். சுமார் 35,000 பாகங்களைக் கழற்றி, எண் போட்டு, சுத்தம் செய்து, அதே இடத்தில் திரும்ப மாட்டினார்கள். தரைக்கல், கைப்பிடி, கோட் மாட்டும் அறையின் மரப்பலகை எல்லாம். நடுவில் கட்டடம் வெறும் எலும்புக்கூடாக நின்றது.

இரண்டாவது முறை பெர்லின் போனபோது பார்த்தேன். கீழ்த்தளத்தில் கோட்டைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கினேன். அந்தப் பழுப்பு மரத் தடுப்பின் ஓரத்தில் சின்னத் தழும்பு இருந்தது. ஐம்பது வருடமாக யார் யார் கையோ, பையோ உரசிய தழும்பு. அதைத் தேய்த்து எடுக்க ஒரு தச்சருக்குப் பத்து நிமிடம் போதும். விட்டிருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஒருவர் ஐந்து வருடம் உழைத்துவிட்டு, தன் கைரேகை ஒன்றுகூட இல்லாமல் வெளியே போயிருக்கிறார்.

அவருடைய எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஹாம்பர்க்கின் எல்ப்டவர் எனக்கு நெருடல். 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட அலுவலகக் கோபுரம். கட்டிய நிறுவனத்தால் பணம் கொடுக்க முடியாமல் 2023 அக்டோபரில் சுமார் 100 மீட்டரில் வேலை நின்றுவிட்டது. பணம் இல்லாமல் போனது ஆர்க்கிடெக்டின் தப்பு கிடையாது. ஆனாலும், இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள் என்று இத்தனை அழகாகக் கற்றுக்கொடுத்தவர் அந்த உயரத்துக்கு ஏன் ஆசைப்பட வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. பெரிய கம்பெனிகளுக்கு அவர் கட்டும் தலைமையகங்களில் நேர்த்தி இருக்கிறது. என்னை அவை தொடவில்லை.

ஸ்பெயினின் கலீசியா கடற்கரையில் கொருபேடோ என்ற மீனவக் கிராமத்தில் அவருக்கு வீடு இருக்கிறது. பல வருடமாகக் கோடைக்குப் போய் வந்த ஊர். அங்கே ஒரு பழைய பாரைப் புதுப்பித்து நடத்தவும் செய்கிறார்கள். 2017இல் ரியா என்ற அறக்கட்டளையையும் தொடங்கினார். அந்தக் கடலோர ஊர்களின் வளர்ச்சி, சுற்றுச்சூழல், பொது இடங்கள் பற்றி அரசோடும் ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்து திட்டமிடுவதுதான் வேலை. புகைப்படத்தில் காட்ட அதில் எதுவுமே இருக்காது. வயதான காலத்தில் ஒருவர் தன் நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

2023இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு வந்தது. அதற்கு முந்தின வருடம் வெனிஸ் சான் மார்கோ சதுக்கத்தில் ப்ரோகுராத்தியே வெக்கியே என்ற 16ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்தில் முதல்முறையாகப் பொதுமக்கள் உள்ளே போக முடிந்தது. அதில் வெனிஸ் கொத்தனார்களின் பழைய பூச்சு முறைகளைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒன்று, சுண்ணாம்பில் செங்கல்லை இடித்துக் கலந்த பூச்சு. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொன்ன அதே சரக்கு. நாங்கள் உளி வைத்துக் கொத்திய அந்த வீட்டுச் சுவரில், மேல்பூச்சுக்கு அடியில் இளஞ்சிவப்பாக உதிர்ந்ததே, அது.

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் மியூசியத்தின் விரிவாக்கமும் இப்போது அவர் கையில். பழைய கட்டடத்துக்கு முன்னால் புதிய அறைகளைத் தரைக்கு அடியில் இறக்கி, மேலே தோட்டம் போடுகிறார்.

போன வாரம் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்போது அவரே நோயஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார். ராணிக்கு முன்னால் படிக்கட்டில் நிறுத்தி, எது பழசு எது புதுசு என்று கேட்கிறாராம். படத்தில் தென்கிழக்குக் கவிமாட அறையின் சுவர், ஒரே ஒரு செங்கல், மிகக் கிட்டத்தில். ஒரு மூலை கொஞ்சம் கருகியிருந்தது. "மாப்ள, இது 1945ல எரிஞ்சதா, சூளையில எரிஞ்சதா?" என்று கேட்டிருந்தார். விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சுவர் எழுந்தது 2009க்குச் சற்று முன்னால். செங்கல் அதற்கு முன் எந்த வீட்டில் இருந்ததோ, எப்போது எரிந்ததோ. எனக்கும் தெரியவில்லை என்று பதில் போட்டேன்.